சுருட்டையின் பேரைச் சொல்லாத ஜீப்

போன மாதம் சர்க்கரை மாத்திரை வாங்க, நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே போயிருந்தேன். மருந்து கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் இப்போது இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் ஒன்று செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "சார், இது என்ன பாம்பு, சொல்லுங்க பாப்போம்" என்றது. ராசிங்காபுரத்தில் ஒருவரைக் கடித்ததாம். ஆள் வந்து சேரும் முன்னே படம் வந்து சேர்ந்துவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். "சுருட்டை" என்றேன். இரண்டும் வாயைப் பிளந்தன. எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. அந்த ஒரு பேரைத் தெரிந்துகொள்ள நாங்கள் ஒரு நாள் பட்ட பாடு இதுகளுக்கு எங்கே தெரியும்? "எழுதிக் கொடுங்களேன் சார்" என்றார்கள். எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால், கம்பவுண்டர் எழுத்து அப்படித்தான் இருக்கும் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊரும் ராசிங்காபுரம்தான். மதுரையில் இரண்டு வருஷம் மருந்து கலக்கப் படித்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மூட்டைப்பூச்சிக் கடியும் புளிச்சோறும்தான் ஞாபகம். எழுபதுகளின் தொடக்கத்தில் போடியில் இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். இருபது கட்டில், ஒரு குளிர்பெட்டி, ஒரு டாக்டர். டாக்டர் அருமைநாயகம் நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஒல்லியான மனிதர். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. கூலிக்காரனோ ஏலக்காய் முதலாளியோ, எல்லோரையும் 'நீங்க' என்றுதான் சொல்லுவார். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவர் சத்தம் போடாமல் பேசினாலே நாங்கள் செய்த வேலையை மறுபடி சரிபார்ப்போம்.

அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. பாம்புக்கடி என்று யார் வந்தாலும், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, முதல் கேள்வியாக, "உங்க ஊர்ல அதுக்கு என்ன பேரு? எதுக்கு அந்தப் பேரு?" என்று கேட்பார். ஆள் வலியில் துடித்துக்கொண்டிருப்பான், இவர் பேர் விசாரிப்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டே விட்டேன். "பேரு தெரிஞ்சா, இவங்க கண்ணு எதைப் பாத்துச்சுன்னு தெரியும்" என்றார். அவ்வளவுதான் விளக்கம். அதற்கென்று ஒரு நீளமான நோட்டு வைத்திருந்தார்.

அந்த நோட்டில் சுருட்டைக்கு மட்டும் நாலு பக்கம். தலைச்சுமைக்கு வைக்கும் சும்மாடு மாதிரிச் சுருண்டு கிடப்பதால் சுருட்டை என்றார் வெள்ளாமை செய்யும் ஒரு சம்சாரி. ஆளைச் சுருட்டிக்கொண்டு போய்விடும், அதனால் சுருட்டை என்றார் இன்னொருவர். விரியன் என்று ஏன் பேர் என்று கேட்டதற்கு, பொட்டிபுரத்துக் கிழவர் ஒருவர், "தாய் வயிறு விரிஞ்சு வெடிச்சுத்தான் குட்டி வெளிய வரும்" என்றார். "நீங்க பாத்திருக்கீங்களா?" என்றார் டாக்டர். "எங்க பாட்டன் பாத்திருக்காரு." டாக்டர் சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டார். அப்புறம் என்னிடம், அது முட்டையிடாமல் குட்டி போடுகிற சாதி, வயிறெல்லாம் வெடிக்காது என்றார்.

ஒருநாள் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையைக் கொண்டுவந்து ஒரு படத்தைக் காட்டினார். பாலைவன மணலில் ஒரு பாம்பு. வாலில் கிலுகிலுப்பை, கண்ணுக்கு மேலே குட்டிக் கொம்பு. "நம்ம சுருட்டைக்கு இது தூரத்துச் சொந்தக்காரன் மாதிரி. ரெண்டும் காஞ்ச நிலத்துல வாழுது, ரெண்டும் பக்கவாட்டுல சாஞ்சு சாஞ்சு ஓடுது. அங்க சனங்க நடையைப் பாத்துப் பேரு வச்சாங்க. படிச்சவங்க கிலுகிலுப்பையையும் கொம்பையும் பாத்துப் பேரு வச்சாங்க. நம்ம ஆளு சுருண்டு கெடந்ததைப் பாத்து வச்சாங்க" என்றார். "வாலில் கிலுகிலுப்பை இல்லையே, நம்முடையது எப்படிச் சத்தம் போடுகிறது?" என்று கேட்டேன். இரண்டு முழங்கையையும் ஒன்றோடொன்று உரசிக் காட்டினார். உடம்பை மடித்து மடித்து வைத்துக்கொண்டு, அரம் மாதிரி இருக்கிற செதிலைச் செதிலோடு தேய்க்குமாம். அந்தச் சத்தம் எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊர்க் கடலைக் காட்டில் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். கேட்டவன் மறக்க மாட்டான்.

இனி வேலை முறையைச் சொல்ல வேண்டும். விரியன் கடித்தால் ரத்தம் உறையாது. அதைப் பார்க்க எங்களிடம் இருந்த ஒரே கருவி, காலியான பென்சிலின் குப்பி. அதை வெந்நீரில் மட்டும்தான் கழுவ வேண்டும். சோப்பு பட்டால் சோதனை பொய் சொல்லிவிடும். கழுவி, கவிழ்த்து, வெயிலில் காயவைத்து, டாக்டர் மேசையில் வரிசையாக நிறுத்த வேண்டும். கையிலிருந்து எடுத்த ரத்தத்தைக் குப்பியில் விட்டு, கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இருபது நிமிஷம் யாரும் தொடக் கூடாது. மேசையில் கை ஊன்றினால்கூட டாக்டர் பார்ப்பார். அப்புறம் ஒரே ஒரு தடவை சாய்ப்பார். உறைந்திருந்தால் தயிர் மாதிரி அசையாமல் நிற்கும். உறையாவிட்டால் தண்ணீர் மாதிரி ஓடும்.

ஓடினால் விஷமுறிவு ஊசி. அது பொடியாக வரும். நீர் விட்டுக் கரைக்கும்போது குலுக்கக் கூடாது, நுரைத்துப் போகும். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, குழந்தைக்கு வசம்பு உரைக்கிற பொறுமையோடு உருட்ட வேண்டும். அந்த வேலை என்னுடையது. அந்த மருந்து நாலே நாலு பாம்புக்குத்தான் கேட்கும்: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை. ஏலமலையில் குட்டையாக, மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு விரியன் உண்டு. மலையில் வேலை செய்கிறவர்கள் மலையாளத்துக்காரர்களைப் பார்த்து எல்லா விரியனையும் அணலி என்றே சொல்லுவார்கள். அந்த மலை அணலிக்கு எங்கள் மருந்து கேட்காது. கேட்காத கடிக்குப் போட்டால் பலன் இல்லாததோடு, மருந்தே ஒத்துக்கொள்ளாமல் ஆளைக் கொண்டுபோனாலும் போய்விடும்.

முத்துப்பேச்சி வந்தது ஒரு ஐப்பசி மழை நாளில், பகல் பன்னிரண்டு மணி வாக்கில். பொட்டிபுரத்துப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கும், வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை. அந்த ஊர்ப் பெண்கள் பதினாலு பேர் தினமும் விடியுமுன் ஒரு ஜீப்பில் ஏறி, எங்கள் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, மலையடிவாரத்து முந்தல் வழியாக மலையேறி, ஏலக்காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குவார்கள். அன்று அதே ஜீப் மத்தியானமே இறங்கி வந்தது. கூட வந்தவர் கங்காணி சீனிச்சாமி. ஒரு கையில் அவளைத் தாங்கியபடி, மறு கையில் ஒரு தகர டப்பா.

"மலையில ஏலச் செடித் தூருல வச்சு அணலி போட்ருச்சு டாக்டரய்யா. அடிச்சுக் கொண்டாந்துட்டோம்" என்றார் சீனிச்சாமி, பெருமையாக. கடித்த பாம்பைக் கொண்டுவாருங்கள் என்று எஸ்டேட் எஸ்டேட்டாகச் சொல்லி வைத்தவன் நான்தான். டப்பாவைத் திறந்தால், மூக்கைத் தூக்கிய அதே மலை அணலி.

அவள் வலது கால், பாதத்திலிருந்து முழங்கால் வரை வீங்கியிருந்தது. அட்டை ஏறாமலிருக்க மலையில் பெண்கள் காலில் சாக்குத்துணியை இரண்டு மடிப்பாகச் சுற்றி, மேலே பழைய சேலைத் துணியை இறுக்கிக் கட்டி, புகையிலைத் தண்ணீரைத் தெளித்துக்கொள்வார்கள். அந்தக் கட்டு வீங்கிய காலைக் கவ்விக்கொண்டிருந்தது. நான் கத்திரிக்கோலால் வெட்டி எடுத்து வாளியில் எறிந்தேன். கணுக்காலுக்கு மேலே இரண்டு பல். சுற்றிலும் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது, சுண்ணாம்பு. அட்டையை எடுக்க எல்லாப் பெண்களும் இடுப்பில் சுண்ணாம்பு டப்பி வைத்திருப்பார்கள், அதுதான் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

டாக்டர் கடிகாரத்தைக் கழற்றினார். குப்பியில் ரத்தம் விட்டு வைத்தார். டப்பாவைக் காட்டி, "அம்மா, இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?" என்று கேட்டார்.

அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதை நான் இப்பத்தான் பாக்குறேன்" என்றாள். சொல்லும்போதே பல் ஈறில் ரத்தம் கசிந்தது.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "மலை அணலி கடிச்சு ரத்தம் உறையாமப் போறது அபூர்வம். ஆனா இல்லைன்னும் சொல்ல முடியாது. பாம்பு கையில இருக்கு. மருந்து போட்டா கேக்காது, போடாம விட்டா..." என்று நிறுத்திக்கொண்டார். குளிர்பெட்டியில் ஆறு குப்பி மருந்துதான் இருந்தது. அத்தனையும் வேண்டியிருக்கும். இவளுக்கு வீணாகப் போட்டுவிட்டு, மறுநாள் வயல்காட்டிலிருந்து ஒருவன் வந்தால் அவனுக்கு ஒன்றும் இருக்காது. அத்தனை வருஷத்தில் அவர் கிராம்பைக் கடிக்காமல் வாயில் சும்மா வைத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

குப்பிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கை கழுவப் போனேன். வாளியின் விளிம்பில் ஓர் அட்டை நெளிந்துகொண்டிருந்தது. அவள் கட்டிலிருந்து வந்ததுதான். துணியின் மேல்பக்கமே சுற்றிக்கொண்டு, உள்ளே போக வழி தெரியாமல் இருந்திருக்கிறது. அப்போதுதான் புத்தியில் உறைத்தது. அட்டையே நுழைய முடியாத கட்டுக்குள் பல் எப்படி நுழைந்தது?

துணிகளை எடுத்துச் சிமெண்டுத் தரையில் விரித்தேன். மேல் சேலைத் துணியில் புகையிலைக் கறை மட்டும்தான். கிழிசல் இல்லை, ஓட்டை இல்லை. சாக்கின் வெளி மடிப்பும் சுத்தம். உள் மடிப்பில் மட்டும் ரத்தம், ரத்தத்தோடு சுண்ணாம்பு காய்ந்து அடையாக ஒட்டியிருந்தது. சுண்ணாம்பு வைத்த பிறகுதான் கட்டுப் போட்டிருக்கிறாள். அப்படியானால் கடித்தது கட்டுக்கு முன்னால். மலைக்கு முன்னால்.

ஓடிப்போய்க் கங்காணியிடம், "அண்ணே, டாக்டருக்கு ஒரு சோடா வாங்கிட்டு வாங்க, வெரசா" என்று சொல்லி வெளியே அனுப்பினேன். அவள் கட்டில் பக்கத்தில் குனிந்தேன்.

"ஆத்தா, இந்தச் சுண்ணாம்பை எங்க வச்சுப் போட்ட? மலையிலயா, வீட்லயா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சொல்லு தாயி. எனக்கும் பக்கத்து ஊருதான். உன் பிள்ளை முகத்தை நெனச்சுக்கிட்டுச் சொல்லு."

பிள்ளை என்றதும் உடைந்துவிட்டாள். "வீட்லதாண்ணே. ஜீப்புக்காரன் ஆரன் அடிச்சுட்டான். தூக்குச்சட்டி வெறகுப் படப்பு மேல இருந்துச்சு. இருட்டுல எட்டி எடுத்தேன், காலுல சுருக்குன்னுச்சு. முள்ளுன்னு நெனச்சேன். நெசமாவே முள்ளுன்னுதான் நெனச்சேன். சுண்ணாம்பை வச்சுக் கட்டிட்டு ஏறிட்டேன்."

"அப்புறம் வலிக்கலையா? முந்தல் வர்ற வரைக்கும் ஒருத்திக்கும் சொல்லலையா?"

"எப்படிண்ணே சொல்லுறது?" என்று அழுதாள். எனக்குக் காரணம் உடனே விளங்கியது. எங்கள் பக்கத்து ஜீப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. மலையடிவாரத்துக் கோயிலில் டிரைவர் சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி, மேலே ஏறி இறங்கும் வரை யாரும் பாம்பு என்றோ, சாவு என்றோ, வண்டி உருண்டது என்றோ வாயைத் திறக்கக் கூடாது. திறந்தவள் தலையில்தான் எல்லாம் விடியும். ஒரு வருஷம் முன்னால் வேறொரு ஜீப் வளைவில் கவிழ்ந்தபோது, காலையில் ஏதோ சொன்னாள் என்று ஒரு பெண்ணை ஊரே ஏசித் தீர்த்தது. இவள் அதற்குப் பயந்து வாயைக் கட்டிக்கொண்டு, விஷத்தோடு மலையேறியிருக்கிறாள். பத்து மணிக்குக் கால் வீங்கியதும், மற்ற பெண்கள் அவள் நின்ற ஏலச் செடியின் அடித்தூரைக் கிளறியிருக்கிறார்கள். பாவம், அங்கே படுத்திருந்த மலை அணலி அடி வாங்கிச் செத்தது. இத்தனை பேர் சொன்னதும் இவளும் ஆமாம் என்றிருக்கிறாள்.

"இப்பச் சொன்னா, கடிபட்ட கால வச்சுக்கிட்டு எங்களோட ஏறுனியான்னு என்னையக் கொன்னுருவாளுகண்ணே. ஊருல தலகாட்ட முடியாது."

டாக்டர் எனக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. "அம்மா, கடிச்சப்ப ஏதாவது சத்தம் கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சுங்க. காயுற தோசைக்கல்லுல தண்ணியத் தெளிச்சா சர்ருன்னு வருமே, அப்படி. பூனை எதையோ பிராண்டுதுன்னு நெனச்சேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். சுருட்டை செதிலைத் தேய்க்கிற அதே சத்தம்தான் என்று நான் தலையாட்டினேன். அவர் பேர் கேட்கவில்லை. மேசைக்குப் போய்க் குப்பியைச் சாய்த்தார். ரத்தம் கழுத்து வரை ஓடி வந்தது.

"ஆறையும் கரைங்க" என்றார்.

உருட்டினேன். முதலில் தோலுக்கடியில் ஒரு சொட்டுச் சோதனை ஊசி. பிறகு நரம்பில் மெதுவாக. நாலாவது குப்பியில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இரைத்து, "அண்ணே, பிள்ளையை..." என்று கையைப் பிடித்தாள். போச்சு என்றே நினைத்தேன். எனக்கு அப்போது கடவுள் பேர்கூட வரவில்லை. டாக்டர் அதற்கென்றே நிரப்பி வைத்திருந்த வேறு ஊசியைப் போட்டு, அவள் நாடியை விடாமல் பிடித்துக்கொண்டு, மூச்சு சீராகும் வரை நின்றுவிட்டு, மிச்சத்தை ஏற்றச் சொன்னார். மறுநாள் காலை பத்து மணிக்கு வைத்த குப்பி, சாய்த்தபோது அசையவில்லை. டாக்டர் அதை என் கையில் கொடுத்துவிட்டு, வாயிலிருந்த கிராம்பை நறுக்கென்று கடித்தார். நான் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெட்கமில்லை, சொல்லிவிட்டேன்.

மாமியார் குழந்தையைக் கொண்டுவந்து காட்டினாள். சீனிச்சாமி, "நாங்க பாம்பைக் கொண்டாந்ததாலதான பொழச்சா?" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். டாக்டர் சீட்டில் உண்மையை எழுதினார், வாயால் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் கண்ணால் உத்தரவு. ஆனால் முத்துப்பேச்சி வீட்டுக்குப் போகிற அன்று என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆறு மணிக்கு இந்த வாசலைத் தாண்டித்தானடி போன? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நிறுத்தி எறங்கியிருக்கலாமே" என்று ஏசினேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். அப்போதுதான் வெளுத்திருந்தது. பொட்டிபுரம் ஜீப் டீக்கு நின்றது. பெண்களுக்கு நடுவில் முத்துப்பேச்சி, வேலைக்குத் திரும்பி முதல் நாள். என்னைப் பார்த்தாள். எதிரே ஆஸ்பத்திரியைப் பார்த்தாள். அப்புறம் ஜீப்புக்குள்ளேயே எழுந்து நின்றாள்.

"இந்தா, எல்லாரும் கேளுங்கடி. என்னையக் கடிச்சது மலையில இல்ல. நம்ம ஊருல, என் வீட்டு வெறகுல. கடிச்சது பாம்பு. சுருட்டைப் பாம்பு. அதைச் சொல்லப் பயந்துக்கிட்டு இந்த வாசலத் தாண்டிப் போயிச் செத்துப் பொழச்சு வந்திருக்கேன். இனிமே எவளுக்காவது ஒண்ணுன்னா, இங்கயே வாயத் தொறந்து சொல்லிப்புடணும். ஏசுறதுன்னா இப்பயே என்னைய ஏசிக்கங்க."

டிரைவர், "காலங்காத்தால இந்தப் பேச்சப் பேசிட்டியே, வெளங்குமா? நான் வண்டி எடுக்க மாட்டேன்" என்று சாவியைப் பிடுங்கினார். இரண்டு பெண்கள் இறங்கப் போனார்கள். ஓரத்தில் இருந்த ஒரு வயசாளி, "ஒக்காருங்கடி" என்றாள். "அவ செத்திருந்தா அந்தப் பிள்ளைக்கு எவ பால் குடுத்திருப்பா? நீ வண்டிய எடுப்பா." டிரைவர் முனகிக்கொண்டே எடுத்தார். ஜீப் முந்தல் பக்கம் திரும்பி மறைந்தது.

எனக்கு அன்றைக்குச் சோலியே ஓடவில்லை. எல்லாம் படித்தவன், பாம்பு என்று சொன்னால் வண்டி கவிழாது என்று தெரிந்தவன்தான். இருந்தாலும் நானும் அந்த மண்ணில் பிறந்தவன் இல்லையா? ஏசி ஏசி அவளைப் பேச வைத்தவனும் நான்தான். இன்றைக்குப் பார்த்து ஒரு வளைவில் ஒன்று நடந்துவிட்டால், அந்தப் பெண் ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது. மத்தியானம் மலையில் மேகம் இறங்கியது. இருமல் மருந்துச் சீசாவில் பேதி மருந்துச் சீட்டை ஒட்டிவிட்டு, டாக்டரிடம் பிடிபட்டேன். அவர் திட்டவில்லை. "அஞ்சரைக்கு வாசல்ல போய் நில்லுங்க. எனக்கும் வந்து சொல்லுங்க" என்றார்.

ஐந்தரைக்கு வரவில்லை. ஆறுக்கும் வரவில்லை. ஆறேகாலுக்கு முந்தல் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தது. அதே ஜீப். வாசலுக்கு நேரே வேகம் குறைத்தார் டிரைவர். நான் ரோட்டோரத்தில் நின்று தலைகளை எண்ணினேன். பன்னிரண்டு. பதிமூன்று. பதினாலாவது தலை பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

"என்ன கம்பவுண்டரண்ணே, எண்ணிக்கை சரியா இருக்கா?"

ஜீப்பே சிரித்தது. டிரைவரும்தான்.

"சரியா இருக்கு ஆத்தா. வீடு போய்ச் சேருங்க" என்றேன். டாக்டரிடம் சொல்லத் திரும்பினேன். அவர் எனக்கு நாலடி பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.